உடம்புக்குள் புற்றுநோய், அடையாளம் தோலில்: எதைக் கவனிக்க வேண்டும்?

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தேமல், படை, மரு, கருமை, அரிப்பு என்று தோலில் வருகிற தொந்தரவுகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கும் புற்றுநோய்க்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. இதைப் படித்துவிட்டு யாரும் கண்ணாடி முன்னால் நின்று ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் இரைப்பையிலோ நுரையீரலிலோ சினைப்பையிலோ வளரும் ஒரு கட்டி, தான் இருக்கும் இடத்தில் வலியோ ரத்தமோ காட்டாமல், கழுத்திலும் கண்ணிமையிலும் உள்ளங்கையிலும் முதலில் தெரியவருவது உண்டு. அரிதுதான். இருந்தாலும் அந்த அரிதான நேரத்தில் விஷயம் தெரிந்திருந்தால் சில மாதங்கள் மிச்சமாகும், புற்றுநோயில் சில மாதங்கள் என்பது பெரிய விஷயம்.

இங்கே பேசப்போவது தோலிலேயே வருகிற தோல் புற்றுநோயைப் பற்றி அல்ல. நோய் உள்ளே ஓர் உறுப்பில் இருக்கும், அதன் அடையாளம் தோலில் தெரியும், அந்த வகையைப் பற்றி. இவற்றில் பெரும்பாலானவற்றை மருத்துவர்கள் பாராநியோபிளாஸ்டிக் தோல் நோய்கள் என்கிறார்கள். வியன்னாவில் இருந்த தோல் மருத்துவர் ஃபெர்டினாண்ட் ஃபான் ஹெப்ரா, உள்ளுறுப்புப் புற்று தோலின் நிறத்தை மாற்றக்கூடும் என்று 1868லேயே எழுதியிருக்கிறார். ஸ்கேன் கிடையாது, எக்ஸ்ரே கூட வராத காலம். கண்ணால் பார்த்துப் பார்த்துச் சேர்த்த அறிவு இது.

உள்ளே இருக்கும் புற்று தோலில் தெரிவதற்கு முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்று, புற்று அணுக்களே நேரடியாகத் தோலுக்கு வந்து சேர்ந்துவிடுவது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ராச்செஸ்டர் என்ற ஊரில் செயின்ட் மேரீஸ் மருத்துவமனை. அங்கே அறுவை மருத்துவர் வில்லியம் மேயோவுக்கு உதவியாளராக இருந்தவர் சிஸ்டர் மேரி ஜோசஃப் என்ற கன்னியாஸ்திரி. அறுவைக்கு முன்னால் நோயாளியின் வயிற்றைச் சுத்தம் செய்யும்போது சிலருக்குத் தொப்புளில் கெட்டியாக ஒரு முடிச்சு தட்டுப்படுவதையும், அப்படி இருப்பவர்களுக்கு உள்ளே புற்று முற்றிப் பரவியிருப்பதையும் கவனித்துச் சொன்னவர் அவர்தான். மேயோ 1928ல் அதைக் கட்டுரையாக எழுதினார், 1949ல் ஹாமில்டன் பெய்லி என்ற ஆங்கிலேய மருத்துவர் அந்த முடிச்சுக்கு சிஸ்டரின் பெயரையே வைத்தார். இன்றைக்கும் மருத்துவ மாணவர்கள் சிஸ்டர் மேரி ஜோசஃப் முடிச்சு என்றுதான் படிக்கிறார்கள். இரைப்பை, பெருங்குடல், கணையம், சினைப்பை ஆகியவற்றின் புற்று இப்படித் தொப்புளுக்கு வரும்.

மார்பகக் காம்பில் வரும் பேஜெட் நோயும் இந்த நேரடி வகைதான். ஜேம்ஸ் பேஜெட் 1874ல் 15 பெண்களைப் பற்றி எழுதினார்: காம்பில் கரப்பான் மாதிரி சிவந்து, உரிந்து, கசிந்துகொண்டே இருந்தது, பின்னால் அதே மார்பில் புற்று வந்தது. இங்கே நம் பெண்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ஒரே ஒரு பக்கக் காம்பில் மட்டும் புண் மாதிரி இருக்கிறது, குழந்தைக்குப் பால் கொடுக்கிற காலமும் இல்லை, களிம்பு போட்டு இரண்டு மூன்று வாரமாகியும் ஆறவில்லை என்றால் கூச்சத்தை ஒதுக்கிவிட்டு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ஒரு சின்ன சதைத்துண்டை எடுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இரண்டாவது வழிதான் புரிந்துகொள்ளக் கொஞ்சம் கடினம். இதில் புற்று அணு ஒன்றுகூடத் தோலில் இருக்காது. தோலிலிருந்து சதை எடுத்துப் பயாப்சி செய்தால் புற்றுநோய் இல்லை என்றுதான் ரிப்போர்ட் வரும், அந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது. நடப்பது இதுதான்: உள்ளே உள்ள கட்டி சில வேதிப்பொருட்களை ரத்தத்தில் விடுகிறது. அவற்றில் சில, செல்களை வளரத் தூண்டுபவை. தோல் செல்கள் அந்தத் தூண்டுதலை வாங்கிக்கொண்டு தேவையில்லாமல் பெருகுகின்றன, தோல் தடிக்கிறது, கறுக்கிறது. சில கட்டிகள் ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரந்து உடம்பின் சத்துக் கணக்கையே குலைத்துவிடுகின்றன. இன்னும் சில நேரம், கட்டியை எதிர்க்கக் கிளம்பிய நோய் எதிர்ப்பு மண்டலம், கட்டியில் உள்ளதைப் போன்ற புரதம் தசையிலும் தோலிலும் இருப்பதால் அங்கேயும் தாக்க ஆரம்பித்துவிடுகிறது.

அப்படியானால் ஒருவருக்குத் தோல் நோயும் இருக்கிறது, புற்றும் இருக்கிறது, இரண்டும் தொடர்புடையவைதான் என்று எப்படி உறுதியாகச் சொல்வது? வயதானவர்களுக்கு இரண்டும் தற்செயலாக ஒன்றாக வரலாமே? இதற்கு ஓர் அளவுகோலைக் கொடுத்தவர் ஹெலன் ஓலெண்டார்ஃப் கர்த். ஜெர்மனியில் பிறந்து, பிறகு நியூயார்க்கில் பணியாற்றிய தோல் மருத்துவர். அவர் 1976ல் சொன்னவற்றில் இரண்டை மட்டும் நாம் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் தொடங்க வேண்டும். கட்டியை எடுத்தால் தோல் சரியாக வேண்டும், கட்டி திரும்ப வந்தால் தோலும் திரும்பக் கெட வேண்டும். அந்த இரண்டாவது விஷயம்தான் எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும். எந்தக் களிம்புக்கும் அசையாத தடிப்பு, வயிற்றில் அறுவை செய்த பிறகு தானாகவே மங்குகிறது.

சரி, இப்போது ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கழுத்துக் கருமையிலிருந்தே தொடங்குகிறேன்.

பின்கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் தோல் கறுத்து, வெல்வெட் துணி போல மெத்தென்று தடித்துப்போவதற்கு அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் என்று பெயர். வீட்டில் இதை அழுக்கு என்பார்கள், கவரிங் செயின் போட்டதால் வந்தது என்பார்கள், எலுமிச்சையும் கடலை மாவும் போட்டுப் பீர்க்கங்காய் நாரால் தேய்க்கச் சொல்வார்கள். பாவம், பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைகள் தோல் எரியும் வரை தேய்த்துக்கொள்கிறார்கள். அது அழுக்கே இல்லை. பெரும்பாலானவர்களுக்கு அதன் காரணம் உடம்பு இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாமல் போவதுதான், அதாவது எடை கூடுதல், சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, பெண்களுக்கு பிசிஓடி என்கிற சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு. இவர்கள் செய்ய வேண்டியது சர்க்கரை அளவைப் பார்ப்பதும் எடையைக் குறைப்பதும். புற்றுநோயை நினைத்துப் பயப்படத் தேவையில்லை.

இதே கருமைக்கு வேறொரு முகம் உண்டு, அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். ஐம்பதைத் தாண்டிய, ஒல்லியான அல்லது சில மாதங்களாக இளைத்துக்கொண்டே வருகிற ஒருவருக்கு, முன்பு இல்லாத கருமை சில வாரங்களிலேயே வேகமாகப் பரவுகிறது. கழுத்தோடு நிற்காமல் உதடு, வாயின் உள்பக்கம், கண்ணிமை என்று ஈரமான இடங்களுக்கும் போகிறது, அங்கெல்லாம் பொடிப்பொடியாக மரு மாதிரித் தடிப்பு எழுகிறது, சில பேருக்கு அரிக்கவும் செய்யும். இது வேறு கதை. இப்படி வருகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு உள்ளே இருப்பது இரைப்பைப் புற்று. இவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்குத் தோல் மாற்றம்தான் முதலில் வருகிறது, பலருக்கு இரண்டும் ஒரே நேரத்தில் கண்டுபிடிக்கப்படுகின்றன. இந்தியாவில் வடகிழக்கு மாநிலங்களிலும் சென்னை போன்ற தெற்குப் பகுதிகளிலும் இரைப்பைப் புற்று மற்ற இடங்களைவிடக் கூடுதல் என்பதால் நமக்கு இது புத்தகத்தோடு போகிற விஷயம் அல்ல. அல்சர் என்று நினைத்து ஜெலுசில் குடித்துக்கொண்டே காலத்தைத் தள்ளுகிற ஒருவருக்குக் கழுத்தும் வாயும் இப்படி மாறினால், அடுத்த வேலை எண்டோஸ்கோப்பிதான்.

இதோடு சேர்ந்தே சில சமயம் உள்ளங்கையும் மாறும். தோல் தடித்து, ரேகைகள் ஆழமாகி, கசாப்புக் கடையில் பார்க்கிற மாட்டு இரைப்பையின் உள்பக்கம் மாதிரி வரிவரியாகத் தெரியும், ஆங்கிலத்திலும் அந்த இரைப்பையை வைத்தே இதற்கு ட்ரைப் பாம்ஸ் என்று பெயரிட்டிருக்கிறார்கள். கழுத்துக் கருமையும் சேர்ந்து இருந்தால் இரைப்பையைத் தேட வேண்டும், உள்ளங்கை மட்டும் தனியாக இப்படி இருந்தால் நுரையீரலைத் தேட வேண்டும் என்பது மருத்துவர்கள் கடைப்பிடிக்கும் வழக்கம். மண்வெட்டி பிடித்துக் காய்த்த கையை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், காய்ப்பு அழுத்தம் படும் இடத்தில் மட்டும் இருக்கும், பல வருடமாக இருக்கும்.

லெசர் ட்ரெலா அடையாளம் என்று ஒன்று. வயதானவர்களுக்கு முதுகிலும் நெஞ்சிலும் பழுப்பாக, கறுப்பாக, ஒட்டவைத்தது போல மருக்கள் வருமே, அவை சில மாதங்களுக்குள் திடீரென்று ஏராளமாக முளைத்து அரிக்கவும் ஆரம்பித்தால் உள்ளே புற்று இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். இதை எவ்வளவு நம்பலாம் என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு, ஏனென்றால் அந்த மருக்கள் வயதானால் ஏறக்குறைய எல்லாருக்கும் வருபவை. என் கருத்தும் அதுதான், இதை மட்டும் வைத்துப் பயப்படத் தேவையில்லை, எடை குறைவு, பசியின்மை, மேலே சொன்ன கருமை ஏதாவது கூட இருந்தால்தான் யோசிக்க வேண்டும். நம் ஊர்ப் பெண்களுக்குக் கன்னத்தில் வருடக்கணக்காகச் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகளாக இருக்கும் மருக்கள் குடும்ப வாகு, அவற்றுக்கு இதில் இடமே இல்லை.

அடுத்தது டெர்மட்டோமயோசைடிஸ். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைத்துக்கொள்வேன் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

தோலும் தசையும் சேர்ந்து பாதிக்கப்படும் நோய் இது. கண்ணிமைகள் ஊதா கலந்து கறுத்து லேசாக வீங்கும். விரல் முட்டிகளின் மேல் தடிப்புத் தடிப்பாக எழும். கழுத்தின் முன்பக்கம், நெஞ்சின் மேல்பகுதி, சால்வை போர்த்தும் தோள்பட்டை ஆகிய இடங்களில் நிறம் மாறும், வெயில் பட்டால் அதிகமாகும், தலையில் தாங்க முடியாத அரிப்பு இருக்கும், நகக்கண்ணைச் சுற்றிச் சிவந்திருக்கும். பாடப்புத்தகப் படங்களில் இவையெல்லாம் வெள்ளைக்காரர்களின் தோலில் பளிச்சென்று இளஞ்சிவப்பாகத் தெரியும். நம் நிறத்தில் அப்படித் தெரியாது, வெறும் கறுப்பாக, கண்ணைச் சுற்றி மை பூசினாற்போல்தான் தெரியும். அதனால்தான் இதை மங்கு என்றும் வெயில் அலர்ஜி என்றும் தலைச்சாயம் ஒத்துக்கொள்ளவில்லை என்றும் சொல்லி மாதக்கணக்கில் களிம்பு போட்டுக்கொண்டிருப்பார்கள்.

தசைப் பக்கத்துக் கதை இன்னும் முக்கியம். இதில் பலவீனம் விரலில் தொடங்காது, தோளிலும் இடுப்பிலும் தொடங்கும். தலை வாரக் கையைத் தூக்க முடியவில்லை, கொடியில் துணி காயப்போட முடியவில்லை, பரணிலிருந்து பாத்திரம் எடுக்க முடியவில்லை, பஸ் படி ஏற முடியவில்லை, தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழுந்திருக்க முடியவில்லை. இந்தியன் டாய்லெட்டில் இருந்து எழ முடியவில்லை என்று பலர் வெளியே சொல்லவே மாட்டார்கள். வயதாகிவிட்டது, கால்சியம் குறைவு, தைராய்டாக இருக்கும் என்று தாங்களே முடிவு செய்துகொள்வார்கள். முகத்தில் புதுக் கருமையும் இந்தப் பலவீனமும் ஒரே ஆளிடம் ஒரே காலத்தில் இருந்தால் இரண்டையும் சேர்த்து ஒரே மருத்துவரிடம் சொல்லுங்கள். தோல் மருத்துவரிடம் தோலையும் எலும்பு மருத்துவரிடம் காலையும் தனித்தனியாகக் காட்டினால் இரண்டு பேருக்குமே பாதிப் படம்தான் கிடைக்கும்.

பெரியவர்களுக்கு வரும் டெர்மட்டோமயோசைடிஸில் பல ஆய்வுகளின்படி 15 முதல் 30 சதவீதம் பேருக்கு உள்ளே புற்று இருக்கிறது. சினைப்பை, நுரையீரல், மார்பகம், இரைப்பை, பெருங்குடல் எதிலும் இருக்கலாம், தென்கிழக்கு ஆசியாவிலும் தென்சீனாவிலும் மூக்கின் பின்புறத் தொண்டையில் வரும் புற்று இதோடு அதிகம் சேர்ந்து வருகிறது. வயது கூடக்கூட ஆபத்து கூடும். ரத்தத்தில் டிஐஎஃப்1 காமா என்ற புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கிறதா என்று இப்போது பார்க்கிறார்கள், பெரியவர்களுக்கு அது இருந்தால் புற்றை இன்னும் கவனமாகத் தேட வேண்டும். குழந்தைகளுக்கும் இளம் வயதினருக்கும் கணக்கு வேறு. 2024 பிப்ரவரியில் இந்தி நடிகை சுஹானி பட்நாகர் 19 வயதில் இந்த நோயால் இறந்தபோதுதான் நம்மில் பலர் இந்தப் பெயரையே கேள்விப்பட்டோம். சிறு வயதில் வரும் வகைக்குப் புற்றோடு பொதுவாகத் தொடர்பு கிடையாது, ஆனால் நோயே கடுமையானது, சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது.

அப்புறம் அரிப்பு. தோலில் ஒன்றுமே தெரியாது, உடம்பு முழுக்க அரிக்கும், சொறிந்த கீறல்தான் மிச்சம். வறண்ட தோல், சிரங்கு, சிறுநீரகக் கோளாறு, தைராய்டு, இரும்புச்சத்துக் குறைவு என்று சாதாரணக் காரணங்களே ஏராளம். அவற்றைப் பார்த்து ஒதுக்கிய பிறகும் நிற்கவில்லை என்றால் மூன்றை யோசிப்பார்கள். இளம் வயது, கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது, இரவில் வேர்த்துக் கொட்டுகிறது, காய்ச்சல் வந்து வந்து போகிறது என்றால் ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற நிணநீர் முடிச்சுப் புற்று. நம் நாட்டில் இது காசநோய் என்று எண்ணப்படுவது உண்டு, காசநோயும் நிஜமாகவே அதிகம் என்பதால் நெறியிலிருந்து சதை எடுத்துப் பார்க்காமல் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. குளித்து முடித்ததும், அதுவும் வெந்நீரில் குளித்ததும் உடம்பு அரிக்கிறது என்றால் சிவப்பணுக்கள் மிதமிஞ்சிப் பெருகும் பாலிசைத்தீமியா வேரா என்ற ரத்த நோய், சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே ஹீமோகுளோபின் கூடுதலாகத் தெரியும். மூன்றாவது, வயதானவருக்கு வலியே இல்லாமல் கண் மஞ்சளாகி, சிறுநீர் அடர்ந்து, மலம் வெளுத்து, உடம்பெல்லாம் அரித்தால் பித்தக் குழாய் அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம். கல்லாகவும் இருக்கலாம், கணையத் தலையில் கட்டியாகவும் இருக்கலாம். இந்த இடத்தில் காமாலைக்கு மருந்து கொடுக்கும் ஊரைத் தேடிப்போய்க் கீழாநெல்லி வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு ஒரு மாதம் காத்திருப்பதைத் தயவுசெய்து செய்யாதீர்கள், முதலில் வயிற்று ஸ்கேன்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றோடு வரும் பசெக்ஸ் நோயில் மூக்கு நுனி, காது மடல், விரல்கள் நீலச்சிவப்பாகி உரியும், பார்க்கச் சொரியாசிஸ் மாதிரியே இருக்கும், சொரியாசிஸ் மருந்துக்கு மட்டும் கேட்காது. மிக அரிது என்றாலும் புகையிலை, பான், பீடிப் பழக்கம் உள்ள நம் ஆண்களுக்கு இது தெரிந்திருப்பது நல்லது. திடீர்க் காய்ச்சலோடு வலிக்கும் சிவந்த தடிப்புகள் எழும் ஸ்வீட் நோய், அதை 1964ல் விவரித்த மருத்துவரின் பெயரால் வந்தது, சிலருக்கு அதன் பின்னால் ரத்தப் புற்று இருக்கும். வாய் முழுக்கப் புண்ணாகி எந்தச் சிகிச்சைக்கும் ஆறாத ஒரு வகைப் பெம்ஃபிகஸ் என்ற கொப்புள நோய், லிம்ஃபோமா போன்ற நோய்களோடு வரும். உடம்பில் மரத்தின் வளையக் கோடுகள் போலச் சிவப்பு வரிகள் தோன்றி நாளுக்கு நாள் நகர்ந்துகொண்டே போகும் ஒன்று உண்டு, அதைப் பார்த்தால் நுரையீரலைத் தேடுவார்கள்.

ஆர்மண்ட் ட்ரூசோவைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. பாரிஸ் மருத்துவர். கை கால்களின் மேலோட்டமான நரம்புகள், அதாவது ரத்தக் குழாய்கள், காரணமில்லாமல் கயிறு மாதிரி விறைத்து வலித்து, ஓரிடத்தில் சரியாகி இன்னோரிடத்தில் வந்தால் உள்ளே புற்றைச் சந்தேகிக்க வேண்டும் என்று 1865ல் மாணவர்களுக்கு விளக்கினார். பிறகு அவருக்கே அது வந்தது. அதன் பொருள் அவருக்கு உடனே தெரிந்தது, 1867ல் வயிற்றுப் புற்றால் இறந்தார். நோய் தெரிந்தும் அன்றைக்கு அவருக்குச் செய்ய எதுவும் இருக்கவில்லை. இன்றைக்கு இருக்கிறது.

நடைமுறைக்கு வருவோம். தோலில் உள்ளது எதுவானாலும் மூன்று கேள்வி கேட்டுப்பாருங்கள்: திடீரென்று வந்ததா, வேகமாகப் பரவுகிறதா, வழக்கமான மருந்துக்கு வழக்கமான காலத்தில் கேட்கவில்லையா? இவற்றோடு காரணமில்லாத எடைக் குறைவோ, பசியின்மையோ, ரத்தசோகையோ சேர்ந்தால் காத்திருக்க வேண்டாம். மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கும் களிம்புகளில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும், அது தடிப்பைத் தற்காலிகமாக அமுக்கிவிடும், பிறகு பார்க்கிற மருத்துவருக்கு உண்மையான தோற்றமே கிடைக்காது. அதைவிட, வாரத்துக்கு ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் போனில் படம் எடுத்து வையுங்கள், தேதி தானாகப் பதிவாகும், எவ்வளவு வேகமாக மாறியது என்பதை மருத்துவர் அதை வைத்தே கணிப்பார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது, அங்கேயே மற்றப் பிரிவுகளுக்கும் அனுப்ப முடியும் என்பது இந்த மாதிரி நோய்களுக்கு வசதி.

எல்லாருக்கும் உடம்பு முழுக்க பெட் ஸ்கேன் தேவையில்லை. எந்தத் தோல் மாற்றம், என்ன வயது, என்ன பழக்கம் என்பதை வைத்து எண்டோஸ்கோப்பியோ, நெஞ்சு வயிறு சிடி ஸ்கேனோ, பெண்களுக்கு மார்பகத்தைப் பார்க்கும் மேமோகிராமும் இடுப்புப் பகுதி ஸ்கேனும் கருப்பை வாயைப் பார்க்கும் பாப் ஸ்மியரும் என்று தேர்ந்தெடுப்பார்கள். டெர்மட்டோமயோசைடிஸ் உள்ளவர்கள் மட்டும் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். முதல் தடவை எல்லாப் பரிசோதனையும் சுத்தமாக வந்தால் அதோடு விட்டுவிடக் கூடாது. தோல் நோய் தெரியவந்த முதல் ஒரு வருடத்தில்தான் ஆபத்து மிக அதிகம், மூன்று வருடம் வரை கூடுதலாகவே இருக்கும், அதற்குப் பிறகு படிப்படியாகக் குறையும். ஆகவே அடுத்த பரிசோதனை எப்போது என்று மருத்துவரிடம் கேட்டு, தேதியைக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள்.